கம்ப்யூட்டருக்கும் ஒரு பேரேடு உண்டு
ரெஜிஸ்ட்ரியைத் தொடும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை



"பென் டிரைவ் போட்டா கம்ப்யூட்டர் எடுக்க மாட்டேங்குது. கடையில கேட்டா, ரெஜிஸ்ட்ரியில ஒண்ணு மாத்தணும்னு சொல்றாங்க. அப்படின்னா என்னங்க மேடம்? மாத்தலாமா, கூடாதா?"

கூட்டமைப்புக் கூட்டங்களுக்குப் போகும்போது இந்தக் கேள்வியை நம் கணக்காளர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். கேட்பது நல்லது. கேட்காமல் தலையாட்டுவதுதான் ஆபத்து. நம் சேமிப்புக் கணக்கு, கடன் கணக்கு, உறுப்பினர் பட்டியல் எல்லாம் இன்று கம்ப்யூட்டருக்குள் இருக்கிறது. வீட்டிலும் மடிக்கணினி வந்துவிட்டது. 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. அதற்குப் பிறகு பிளஸ் டூ படித்த நம் பிள்ளைகள் பலர் ஒன்று வாங்கி வந்தார்கள். அது பழசானதும் வேகம் குறையும். உடனே யாராவது, "ரெஜிஸ்ட்ரியைக் கொஞ்சம் தட்டிவிட்டா சரியாயிடும்" என்பார்கள். ஆகவே ரெஜிஸ்ட்ரி என்றால் என்ன, அதை யார், எப்போது, எப்படித் தொடலாம் என்பதை இந்த இதழில் பார்ப்போம்.

ரெஜிஸ்ட்ரி என்றால் என்ன?

நம் கம்ப்யூட்டர்களில் பெரும்பாலும் விண்டோஸ் இருக்கிறது. இது மைக்ரோசாஃப்ட் கம்பெனியின் இயக்கு மென்பொருள். சுவிட்சைப் போட்டதும் விண்டோஸுக்கு ஆயிரம் விஷயம் தெரிந்தாக வேண்டும். எந்த பிரிண்டர் மாட்டியிருக்கிறது, எந்தப் புரோகிராம் தானாகத் திறக்க வேண்டும், பென் டிரைவை ஏற்கலாமா வேண்டாமா, இந்தப் பயனாளருக்குத் திரையில் என்ன படம் வைக்க வேண்டும் என்று இப்படி. இதையெல்லாம் எழுதி வைத்திருக்கும் புத்தகம்தான் ரெஜிஸ்ட்ரி. தமிழில் பதிவேடு என்று சொல்லலாம்.

முன்காலத்தில் இப்படி ஒரே புத்தகம் கிடையாது. ஒவ்வொரு புரோகிராமும் தனக்கு வேண்டியதைத் தனித் தனிச் சீட்டில் எழுதி வைத்துக்கொண்டது. 1992-ல் வந்த விண்டோஸ் 3.1-ல் சிறிய அளவில் ஒரு பதிவேடு வந்தது. 1995-ல் வந்த விண்டோஸ் 95-ல் அதுவே எல்லாவற்றுக்கும் பொதுவான பெரிய பதிவேடாகிவிட்டது. குழு தொடங்கிய புதிதில் துண்டுச் சீட்டில் கணக்கு எழுதிவிட்டு, பிறகு பேரேட்டுக்கு மாறினோமே, அதே மாதிரிதான்.

ஒரே புத்தகமாக வைத்தால் தேடுவது எளிது. ஆனால் அந்த ஒரே புத்தகம் கிழிந்தால் எல்லாமே நின்றுவிடும். நன்மையும் ஆபத்தும் இரண்டும் இதில்தான் இருக்கிறது.

உள்ளே எப்படி இருக்கும்?

பதிவேட்டைத் திறந்தால் இடது பக்கம் மஞ்சள் நிற உறைகள் மாதிரி வரிசையாகத் தெரியும். ஒவ்வொன்றுக்கும் 'கீ' என்று பெயர். அதைத் திறந்தால் உள்ளே இன்னும் பல கீ. வலது பக்கம் அந்தக் கீயில் எழுதியிருக்கும் விவரம் தெரியும். அதற்கு 'வேல்யூ' என்று பெயர். அது ஒரு எண்ணாகவோ ஒரு சொல்லாகவோ இருக்கும்.

தலைப்பில் ஐந்து பெரிய பிரிவுகள் உண்டு. நாம் இரண்டைத் தெரிந்துகொண்டால் போதும்.

'எச்கீ கரண்ட் யூசர்' என்பது இப்போது உள்ளே வந்திருக்கும் நபருக்கு மட்டும் உரியது. இது தனிநபர் பாஸ் புத்தகம் மாதிரி. இதில் தவறு நடந்தால் பெரும்பாலும் அந்த ஒருவரை மட்டும்தான் பாதிக்கும்.

'எச்கீ லோக்கல் மெஷின்' என்பது அந்த கம்ப்யூட்டரைப் பயன்படுத்தும் எல்லோருக்கும் பொதுவானது. இது கூட்டமைப்பின் பொதுப் பேரேடு மாதிரி. இதில் தவறு நடந்தால் கம்ப்யூட்டர் திறக்காமலே போகலாம்.

ஏன் இவ்வளவு எச்சரிக்கை?

கடிதம் டைப் செய்யும்போது தவறினால் பழைய நிலைக்குத் திரும்ப ஒரு பொத்தான் இருக்கிறது. சேமிக்காமல் மூடினாலும் பழையது அப்படியே இருக்கும். ரெஜிஸ்ட்ரியைத் திருத்தும் திரையில் இந்த இரண்டும் கிடையாது. மாற்றி 'ஓகே' கொடுத்த நொடியே அது எழுதப்பட்டுவிடும். 'சேமிக்கவா?' என்றும் கேட்காது. 'நீங்கள் போட்ட எண் தவறு' என்றும் சொல்லாது. நாம் எழுதியது சரி என்று நம்பி கம்ப்யூட்டர் அதன்படியே நடக்கும். கண்மாய் மடையைத் திறந்துவிட்ட மாதிரிதான். போன தண்ணீரைக் கையால் அள்ளித் திரும்பக் கொண்டுவர முடியாது.

ஒரு கூட்டமைப்பில் நடந்தது

நம் பகுதியில் ஒரு கூட்டமைப்பில் நடந்ததைச் சொல்கிறேன். ஊர் பெயர் வேண்டாம். அங்கே பென் டிரைவ் எடுக்கவில்லை. கணக்காளரின் உறவுக்காரப் பையன் செல்போனில் ஒரு வீடியோவைப் பார்த்துக்கொண்டே ரெஜிஸ்ட்ரியைத் திறந்தான். ஒரு எண்ணை மட்டும் மாற்றச் சொல்லியிருந்தது. அவன் அவசரத்தில் அந்தக் கீயையே அழித்துவிட்டான். பக்கத்தில் இருந்த ஒன்றிரண்டும் சேர்ந்து போயிற்று. மறுபடி போட்டால் கம்ப்யூட்டர் நீலத் திரையோடு நின்றுவிட்டது. தணிக்கைக்கு இன்னும் சில நாள்தான்.

பதறிப்போய் ஒரு கடைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். கடையில் எதையும் கேட்காமல் 'பார்மட்' அடித்து விண்டோஸைப் புதிதாகப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். கம்ப்யூட்டர் ஓடியது. கணக்கு ஃபைல் காணோம். முகப்புத் திரையில் வைத்திருந்த எல்லாமே அழிந்துவிட்டது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ரெஜிஸ்ட்ரி கெட்டதால் கணக்கு அழியவில்லை. பதிவேடு கெட்டால் கம்ப்யூட்டர் நின்றுபோகும், ஆனால் நம் ஃபைல்கள் ஹார்டு டிஸ்கில் அப்படியே இருக்கும். வேறு கம்ப்யூட்டரில் மாட்டி எடுத்துவிடலாம். அழித்தது பார்மட்தான். "முதல்ல எங்க ஃபைலை எடுத்து வையுங்க, அப்புறம் வேலையைப் பாருங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

நல்லவேளையாக அந்தக் கூட்டமைப்பில் கையால் எழுதும் பேரேட்டை விடவில்லை. மூன்று பேர் உட்கார்ந்து இரவு பகலாக மறுபடி ஏற்றினார்கள். உறுப்பினர் கட்டிய ஒரு தவணையும் விட்டுப்போகவில்லை. அவர்களைக் காப்பாற்றியது அந்த நோட்டுப் புத்தகம்தான்.

முன்வாசல் திறந்திருந்தால் கொல்லைப்புறம் எதற்கு?

முதல் விதி இதுதான். பெரும்பாலான வேலைக்கு ரெஜிஸ்ட்ரியைத் தொடவே தேவையில்லை. 'செட்டிங்ஸ்', 'கன்ட்ரோல் பேனல்' என்ற இரண்டும் முன்வாசல். அங்கே நாம் ஒரு பொத்தானை அழுத்தினால், விண்டோஸே போய்ப் பதிவேட்டில் சரியான இடத்தில் சரியான எண்ணை எழுதிவிடும். முன்வாசலில் முடியாத காரியத்துக்கு மட்டும்தான் கொல்லைப்புறம்.

பென் டிரைவ் எடுக்கவில்லையா? முதலில் வேறு துளையில் போட்டுப் பாருங்கள். வேறு பென் டிரைவைப் போட்டுப் பாருங்கள். இந்த பென் டிரைவை வேறு கம்ப்யூட்டரில் போட்டுப் பாருங்கள். பாதிப் பிரச்சினை இங்கேயே தெரிந்துவிடும்.

அந்த எண்ணை யார் எழுதினார்கள்?

பென் டிரைவ் சம்பந்தமாக ரெஜிஸ்ட்ரியில் உண்மையிலேயே ஒரு எண் உண்டு. எச்கீ லோக்கல் மெஷின், அதற்குள் சிஸ்டம், கரண்ட் கன்ட்ரோல் செட், சர்வீசஸ், யுஎஸ்பிஸ்டோர் என்று வரிசையாகப் போனால் 'ஸ்டார்ட்' என்று ஒரு வேல்யூ இருக்கும். அதில் 3 என்று இருந்தால் பென் டிரைவ் போடும்போது கம்ப்யூட்டர் ஏற்கும். 4 என்று இருந்தால் ஏற்காது. ஒரே ஒரு எண்தான் வித்தியாசம்.

ஆனால் 4 என்று இருப்பதைப் பார்த்ததும் 3 ஆக்கிவிடக் கூடாது. யாராவது வேண்டுமென்றே அடைத்து வைத்திருக்கலாம். காரணமும் இருக்கலாம். 2008 நவம்பரில் கான்ஃபிக்கர் என்ற வைரஸ் கிளம்பி உலகம் முழுக்கப் பரவியது. அது பரவிய வழிகளில் பென் டிரைவும் ஒன்று. அப்போதெல்லாம் பென் டிரைவைப் போட்டதும் உள்ளே இருப்பது தானாக ஓடும் வசதி இருந்தது. வைரஸ் அதையே வாசலாக்கிக்கொண்டது. 2011-ல்தான் மைக்ரோசாஃப்ட் பழைய விண்டோஸ்களிலும் பென் டிரைவுக்கு அந்த வசதியை நிறுத்தியது. அதனால் பல அலுவலகங்களில் பென் டிரைவையே அடைத்து வைப்பார்கள்.

ஆகவே கேள்வி "எப்படி மாத்துறது?" என்பதில்லை. "இதை யார் இப்படி வச்சாங்க? எதுக்கு வச்சாங்க?" என்பதுதான். அரசுத் துறையோ வங்கியோ திட்டமோ கொடுத்த கம்ப்யூட்டர் என்றால், கொடுத்தவர்களைக் கேட்காமல் தொட வேண்டாம்.

மாற்றியே ஆக வேண்டும் என்றால்

கேட்டாயிற்று, காரணம் தெரிந்தது, மாற்றலாம் என்று கூட்டத்தில் முடிவும் ஆயிற்று என்று வைத்துக்கொள்வோம். அப்போது செய்ய வேண்டியவை இதோ, ஒன்றன் பின் ஒன்றாக.

1. நம் ஃபைல்களுக்கு நகல். கணக்கு ஃபைல்களை வெளியே ஓர் இடத்தில் எடுத்து வையுங்கள். பென் டிரைவே எடுக்கவில்லை என்றால் மின்னஞ்சலிலோ கூகுள் டிரைவிலோ வைக்கலாம். இந்த மாத நிலுவைப் பட்டியலை அச்சும் எடுத்துவிடுங்கள்.

2. திரும்பி வரும் இடம் ஒன்றைக் குறியுங்கள். ஸ்டார்ட் பொத்தானை அழுத்தி 'ரெஸ்டோர் பாயிண்ட்' என்று ஆங்கிலத்தில் டைப் செய்தால் 'கிரியேட் எ ரெஸ்டோர் பாயிண்ட்' என்று வரும். அதைத் திறந்து 'கிரியேட்' கொடுங்கள். பல கம்ப்யூட்டர்களில் இந்த வசதி அணைத்தே இருக்கும். அப்படியானால் 'கான்ஃபிகர்' என்பதில் போய் முதலில் அதை இயக்குங்கள். ஆனால் இது விண்டோஸைத்தான் பழைய நிலைக்குக் கொண்டுவரும். அழிந்த கணக்கு ஃபைலைத் திருப்பித் தராது. அதனால்தான் முதல் வேலையை முதலில் வைத்தேன்.

3. பதிவேட்டைத் திறப்பது. விண்டோஸ் படம் போட்ட பொத்தானையும் 'ஆர்' எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் ஒரு சின்னக் கட்டம் வரும். அதில் ஆர், இ, ஜி, இ, டி, ஐ, டி என்று ஏழு எழுத்தை டைப் செய்து என்டர் கொடுங்கள். அனுமதி கேட்கும். 'யெஸ்' கொடுங்கள்.

4. அந்தப் பக்கத்துக்கு மட்டும் ஒரு நகல். மாற்ற வேண்டிய கீ மேல் மவுஸின் வலது பொத்தானை அழுத்தி 'எக்ஸ்போர்ட்' கொடுங்கள். தேதி போட்டுப் பெயர் வைத்துச் சேமியுங்கள். பேரேட்டில் அந்தப் பக்கத்தை மட்டும் ஜெராக்ஸ் எடுத்து வைப்பது போலத்தான்.

5. பழைய எண்ணை நோட்டில் எழுதுங்கள். எந்தக் கீ, எந்த வேல்யூ, பழைய எண் என்ன, புதிய எண் என்ன, தேதி, மாற்றியவர் பெயர். செல்போனில் திரையைப் படம் எடுத்து வைத்தால் இன்னும் நல்லது.

6. ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். வேல்யூ மேல் இரண்டு முறை தட்டினால் எண் போடும் கட்டம் வரும். அங்கே 'ஹெக்ஸாடெசிமல்', 'டெசிமல்' என்று இரண்டு வகை இருக்கும். இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். டெசிமல் நாம் எண்ணும் கணக்கு. ஹெக்ஸாடெசிமல் பதினாறைக் கொண்டு எண்ணும் வேறு கணக்கு. 255 என்று போடச் சொன்னால் டெசிமலைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் போட வேண்டும். ஹெக்ஸாடெசிமலில் அதே 255-ஐப் போட்டால் கம்ப்யூட்டர் அதை 597 என்று எடுத்துக்கொள்ளும்.

7. எதையும் அழிக்க வேண்டாம். கணக்குப் புத்தகத்தில் தவறை நாம் அழிரப்பர் போட்டு அழிப்பதில்லை. அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுகிறோம். இங்கும் எண்ணை மாற்றலாம், ஆனால் கீயை அழிக்கக் கூடாது.

8. மூடிவிட்டு, கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டுப் பாருங்கள். பென் டிரைவ் எடுக்கிறதா, பிரிண்டர் ஓடுகிறதா, கணக்குப் புரோகிராம் திறக்கிறதா, தமிழ் எழுத்து சரியாகத் தெரிகிறதா என்று நான்கையும் பாருங்கள்.

தவறாகிவிட்டால்?

பதற வேண்டாம். எக்ஸ்போர்ட் செய்து வைத்த ஃபைலை இரண்டு முறை தட்டி 'யெஸ்' கொடுத்தால் பழைய எண்கள் திரும்ப வந்துவிடும். அழிந்த வேல்யூவும் வந்துவிடும். ஆனால் நாம் புதிதாகச் சேர்த்த ஒன்றை அது எடுக்காது. அதை நோட்டைப் பார்த்து நாமே எடுக்க வேண்டும். எழுதி வைக்கச் சொல்வது இதற்காகத்தான்.

கம்ப்யூட்டர் திறக்கவே இல்லை என்றால், விண்டோஸ் 10, 11 இரண்டிலும் சில முறை திறக்க முயன்று தோற்ற பிறகு பழுது நீக்கும் திரை தானாக வரும். அதில் 'டிரபிள்ஷூட்', 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்', 'சிஸ்டம் ரெஸ்டோர்' என்று போனால் நாம் குறித்து வைத்த இடத்துக்குத் திரும்பலாம். அதுவும் முடியவில்லை என்றால் கடைக்குக் கொண்டுபோங்கள். "ஃபைலை எடுக்காம பார்மட் பண்ணக் கூடாது" என்று எழுதியே கொடுத்துவிடுங்கள்.

யார் தொடலாம்?

வங்கியில் நம் குழுக் கணக்கை ஒருவர் மட்டும் இயக்க முடியாது. கூட்டுக் கையெழுத்து வேண்டும். கம்ப்யூட்டரிலும் இதே ஏற்பாடு செய்துகொள்ளலாம். விண்டோஸில் இரண்டு வகைப் பயனாளர் உண்டு. 'அட்மினிஸ்ட்ரேட்டர்' எல்லாவற்றையும் மாற்றலாம். 'ஸ்டாண்டர்டு' பயனாளர் தன் வேலையை மட்டும் பார்க்கலாம். பொதுப் பேரேடான லோக்கல் மெஷினை அட்மினிஸ்ட்ரேட்டரின் அனுமதி இல்லாமல் அவரால் மாற்ற முடியாது.

அன்றாடக் கணக்கு வேலைக்கு ஸ்டாண்டர்டு பயனாளரை உருவாக்கிக் கொடுங்கள். அட்மினிஸ்ட்ரேட்டர் கடவுச்சொல்லை எழுதி உறையில் ஒட்டித் தலைவியும் செயலாளரும் பொறுப்பில் வைத்துக்கொள்ளட்டும். இது கணக்காளர் மேல் சந்தேகம் என்று அர்த்தமில்லை. நாளைக்கு ஏதாவது ஆனால் அவர் ஒருத்தர் தலையில் பழி விழாமல் காப்பது.

இந்த நான்கு பேரிடம் எச்சரிக்கை

'ரெஜிஸ்ட்ரி கிளீனர்': பதிவேட்டைச் சுத்தம் செய்து வேகமாக்குகிறேன் என்று இலவசமாக வரும் புரோகிராம். இந்த மாதிரிப் புரோகிராம்களை மைக்ரோசாஃப்டே ஆதரிப்பதில்லை. பழைய பதிவுகள் சில கிடப்பதால் வேகம் குறைவதில்லை. நினைவகம் போதாமல் இருக்கலாம், ஹார்டு டிஸ்க் பழசாகியிருக்கலாம், தேவையில்லாத புரோகிராம்கள் தானாகத் திறக்கலாம். பார்க்க வேண்டியது அதைத்தான்.

வாட்ஸ்அப்பில் வரும் ரெஜிஸ்ட்ரி ஃபைல்: "இதைத் தட்டினா போதும், சரியாயிடும்" என்று வரும். ஒரு தட்டில் நூறு இடத்தை மாற்றிவிடும். நோட்பேடில் திறந்து பார்த்தால் உள்ளே எழுத்தாகத் தெரியும். சதுர அடைப்புக்குள் முதலிலேயே கழித்தல் குறி இருந்தால், அந்தக் கீயையே அழித்துவிடு என்று அர்த்தம். தெரியாதவர் அனுப்பியதைத் தட்டவே வேண்டாம்.

போனில் வரும் 'மைக்ரோசாஃப்ட் ஆள்': "உங்க கம்ப்யூட்டர்ல வைரஸ் இருக்கு, நான் சொல்றதை அழுத்துங்க" என்பார். மைக்ரோசாஃப்ட் அப்படித் தானாக யாருக்கும் போன் செய்வதில்லை. எனிடெஸ்க் மாதிரி புரோகிராமைப் போடச் சொன்னால் போனை வைத்துவிடுங்கள். பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் புகார் சொல்லுங்கள்.

'பழசைப் புதுசாக்குகிறவர்': விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-லும், விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-லும் மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. ரெஜிஸ்ட்ரியில் மாற்றி, தகுதியில்லாத பழைய கம்ப்யூட்டரிலும் விண்டோஸ் 11-ஐ ஏற்றித் தருகிறேன் என்பார்கள். ஏறலாம். ஆனால் அப்படி ஏற்றுவதை மைக்ரோசாஃப்ட் பரிந்துரைப்பதில்லை. கூட்டமைப்பின் கணக்கு இருக்கும் கம்ப்யூட்டரில் இந்தச் சோதனை வேண்டாம்.

நமக்குத் தெரியாததா?

1990-களின் தொடக்கத்தில் ஷீலா ராணி சுங்கத் நம் மாவட்ட ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கத்தின் வழியாகப் புதுக்கோட்டைப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். நம் அம்மாக்கள், அத்தைகள்தான். ஓட்டத் தெரிந்த பிறகு, கழன்ற செயினை மாட்டவும் அவர்களே கற்றுக்கொண்டார்கள். கையைக் கறையாக்கிக்கொள்ளப் பயப்படவில்லை.

கம்ப்யூட்டரும் அப்படித்தான். மேலே சொன்ன எட்டுப் படியில் நமக்குப் புதிது எது? நகல் எடுப்பது, அழிக்காமல் திருத்துவது, தேதி போட்டு எழுதுவது, கூட்டத்தில் கேட்டுச் செய்வது, கூட்டுப் பொறுப்பு என்று எல்லாமே தீர்மானப் புத்தகத்திலும் பேரேட்டிலும் நாம் பல வருடமாகச் செய்வதுதான். ஆங்கிலத்தில் இருக்கிறதே என்று ஒதுங்காமல், அதே ஒழுங்கை இங்கும் கேளுங்கள். கடைக்காரரிடமும் கேளுங்கள், வீட்டுப் பிள்ளையிடமும் கேளுங்கள்: "நகல் எடுத்தாச்சா? பழைய எண் என்ன? எங்க எழுதி வச்சிருக்கே?"

அடுத்த குழுக் கூட்டத்தில் இதைப் படித்துக் காட்டிக் கீழே உள்ளவற்றைப் பேசுங்கள்.

* நம் கணக்கு ஃபைலின் நகல் இப்போது எங்கே இருக்கிறது? கடைசியாக எடுத்த தேதி என்ன?
* அட்மினிஸ்ட்ரேட்டர் கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது?
* கம்ப்யூட்டரில் செய்யும் மாற்றங்களை எழுத ஒரு நோட்டு இருக்கிறதா? இல்லையென்றால் இன்றைக்கே ஒன்று போட்டுத் தீர்மானத்தில் எழுதுங்கள்.
* கையால் எழுதும் பேரேடு இந்த மாதம் வரை முடிந்திருக்கிறதா?